காதுக்குள் கேட்ட நாதம்

கல் நொறுக்கும் இயந்திரம் நின்ற அந்தக் கணத்தை என்னால் மறக்க இயலவில்லை. தொண்ணூற்றேழாம் ஆண்டு. அரியலூரை அடுத்த ஒரு சிமெண்ட் ஆலையில், சுண்ணாம்புக்கல் உடைக்கும் பிரிவில் பணியாற்றினேன். ஒருநாள் மின்சாரம் தடைப்பட்டு இயந்திரம் ஓய்ந்தது. எல்லா ஓசையும் அடங்கிய பிறகும் என் காதுக்குள் ஒன்று மட்டும் அடங்கவில்லை. சில்வண்டின் ரீங்காரம்போல் நுண்ணிதாய், இடைவிடாமல் ஒலித்தது.

எங்கள் போர்மேனிடம் சொன்னேன். விடுமுறை நாள்களில் எங்களைத் தம் வீட்டுக் கூடத்தில் அமர்த்தி, சித்தர் பாடல்களைப் பாடிப் பொருள் சொல்பவர் அவர். மனம் அசைவற்று நின்றால் உள்ளே நாதம் கேட்கும், அதைப் பற்றிச் சென்றால் ஓசையற்ற இடத்தில் இறைவனைக் காணலாம் என்பார். நான் சொன்னதைக் கேட்டு என்னைத் தனியே அழைத்துச் சென்றார். பிறகு என் கையைப் பற்றிக்கொண்டார்.

"அதாம்ப்பா நாதம். ஒனக்குக் குடுத்து வச்சிருக்கு. வெளிய சொல்லாத, கெட்டியாப் புடிச்சிக்க."

பிடித்துக்கொண்டேன். பெரம்பலூரில் வேலைக்குப் பஸ் ஏறுமுன், விடியலில் வீட்டில் கண்மூடி அமர்ந்து அந்த ஒலியை வணங்கினேன். அது வலுக்க வலுக்க, என் தவம் முதிர்வதாக மகிழ்ந்தேன். ஆலையில் கொடுத்த காதடைப்பானைத் தொடவே இல்லை. மனைவிதான் இடித்துரைத்தாள்: "நான் தொண்ட கிழியக் கூப்புடறது கேக்கல. சாமி கூப்புடறது மட்டும் கேக்குதாக்கும்!"

சில ஆண்டுகள் சென்றபின் அவளே என்னைத் திருச்சிக்கு அழைத்துச் சென்றாள். இரைச்சலால் காது நரம்பு கெட்டுவிட்டது, இந்த ரீங்காரம் இனி நிற்காது என்றார் மருத்துவர். வேலை செய்யும் ஆலையைச் சொன்னதும் நிமிர்ந்து பார்த்தார்.

"உங்க போர்மேன் இதே தொந்தரவோட எப்பவோ வந்தாருங்களே. எல்லாரையும் காத மூடிக்கிட்டு வேல செய்யச் சொல்லுங்கன்னு சொல்லி அனுப்பிச்சனே?"

இடையில் மூட்டுவலி என்று காரணம் கூறி, இரைச்சலற்ற ஸ்டோர் பிரிவுக்கு அவர் மாறிப் போனது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஓசையற்ற இடத்தைத் தேடிப் புறப்பட்டவன் நான். இன்றுவரை உறக்கத்திலன்றி அந்த ஓசை என்னை விட்டதில்லை.

திருச்சி சென்று வந்த மறுநாள் போர்மேன் வீட்டுக்குச் சென்றேன். கூடத்தில், புதிதாக எங்கள் பிரிவில் சேர்ந்த தொழிலாளர் இருவர் கண்மூடி அமர்ந்திருந்தனர்.

"அன்னிக்கு என் கையப் புடிச்சீங்களே, அப்பவே தெரியுமாண்ணே?"

அவர் தலையைத் தாழ்த்திக்கொண்டார். உதடுகள் அசைந்தன. மெல்லத்தான் பேசினார், என் காதுக்கு ஒரு சொல்லும் எட்டவில்லை. அமர்ந்திருந்த இருவருக்கும் கேட்டிருக்க வேண்டும். கண் திறந்து அவரையே பார்த்தனர். பிறகு ஒருவர் எழுந்து, வாசலில் தம் செருப்பைத் தேடத் தொடங்கினார்.