அளவுப் பாவாடை

ரெஜினா சிஸ்டர் இறந்துவிட்டார் என்று அவருடைய தங்கை ஸ்டெல்லா வந்து சொன்னபோது, நான் மிஷினில் சிஸ்டருக்கான பாவாடையைத்தான் தைத்துக்கொண்டிருந்தேன். "இடுப்புல புண்ணு. புற்றுநோய்னாங்க. உள்ள பரவிடுச்சாம்," என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஊர்ப் பெண்களின் இடுப்பையெல்லாம் விசாரித்தவருக்கு இடுப்பிலா? கையில் இருந்த தையலை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் முடித்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

சுங்குவார்சத்திரத்தில் அவரிடம் ஊசி போட்டுக்கொள்ளாத வீடு குறைவு. உங்களுக்கு அவர் நர்சம்மா. எனக்கு வாடிக்கைக்காரர், அதிலும் தொல்லை பிடித்தவர். தைக்கக் கொடுக்க வரும் பெண்களை என் கடை வாசலிலேயே மடக்கி, "நாடா கட்ற எடம் கருத்துப்போய் அரிக்குதா? புண்ணு எதுனா கீதா?" என்பார். வந்தவர்கள் வெட்கப்பட்டு ஓடிவிடுவார்கள். எனக்கு எரிச்சலாக வரும். "ஒரு மாசம் ஆறாத புண்ணு மஞ்சளுக்கு அடங்காதுக்கா, டாக்டர்கிட்ட காட்டணும்," என்பார். நாடாவுக்குப் பதில் நாலு விரல் அகலத்துக்குப் பட்டி வைத்துத் தைக்கச் சொன்னதும், தினமும் ஒரே இடத்தில் இறுக்கிக் கட்டாதே என்றதும் அவர்தான்.

எனக்கே ஒரு புண் இருந்தது. கொசுவம் நழுவக் கூடாதென்று நாடாவை இழுத்துக் கட்டுகிறவள் நான். மூன்று மாதமாக மஞ்சளைப் பூசி மறைத்து வைத்திருந்தேன். நான் சொறிவதைப் பார்த்துவிட்டு, காட்டச் சொன்னார். "உங்க வேலையைப் பாருங்க சிஸ்டர்," என்று கத்திவிட்டேன்.

மறுவாரமே வந்தார். "எனக்கு ஒரு டெஸ்ட் கீதுக்கா. பயமா கீது. துணைக்கு வாக்கா," என்றார். பாவமாக இருந்தது, போனேன். சென்னை ஆஸ்பத்திரியில் என் பெயர் எழுதிய சீட்டை என் கையில் திணித்தார். அவர் கையில் இன்னொரு சீட்டும் இருந்தது. இருந்த கோபத்தில் அது யாருடையது என்று கேட்கவில்லை. எனக்குச் சதை எடுத்துப் பார்த்தார்கள். ஆரம்பம்தான், வெட்டி எடுத்தால் போதும் என்றார்கள். எடுத்தார்கள், ஆறிவிட்டது.

"ஏமாத்தி இட்டுக்கினு போனீங்களே," என்று அதன்பிறகும் அவரை விடாமல் திட்டினேன். "நான் பொய்யே சொல்லலியேக்கா," என்று சிரிப்பார்.

அடக்கம் முடிந்து, ஆஸ்பத்திரியில் பார்த்த அந்த இன்னொரு சீட்டைப் பற்றி ஸ்டெல்லாவிடம் கேட்டேன். "அன்னிக்கு எங்கக்காவுக்கும்தான் பார்த்தாங்க. முத்திப்போச்சுன்னுட்டாங்க. நர்சே இப்படி வெச்சிக்கினு இருந்தா ஊரு சிரிக்கும்னு வருஷக்கணக்கா ஒளிச்சிட்டா," என்றாள். சிஸ்டர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. யாரிடம் போய்க் கத்துவது? அழுகையும் வருகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் வந்து என்னைப் படுத்துகின்றன.

இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அவர் தன் இடுப்பில் என் டேப்பைப் பட விட்டதில்லை. பழைய பாவாடை ஒன்றைக் கொடுத்து, "இதான் அளவு," என்றார். எல்லாரும் அளவுப் பாவாடை கொடுக்கிறவர்கள்தானே, எனக்குச் சந்தேகமே வரவில்லை. இப்போதெல்லாம் யார் கொடுத்தாலும் முதலில் இடுப்புப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிறேன். வெட்கப்பட்டு ஓடினால் பின்னாலேயே போகிறேன்.

சிஸ்டருடைய அந்த அளவுப் பாவாடை என்னிடம்தான் இருக்கிறது. ஸ்டெல்லா கேட்டும் கொடுக்கவில்லை. இடது பக்கம், நாடா படுகிற இடத்தில், துவைத்தும் போகாத ஒரு பழுப்புக் கறை. நீளம் பார்க்க எத்தனையோ தடவை அதை விரித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் அந்தக் கறையின் மேல்தான் கையை வைத்து அழுத்திப் பிடித்திருக்கிறேன்.