குட்டைக் குழாய்

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனாலும் அவனியாபுரத்தில் என் பட்டறைக்கு வரும் வண்டியின் சத்தத்தைத் தெருமுனையிலேயே கேட்டு, எந்த சிலிண்டர் படுத்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். எழுபதுகளில் மதுரையில் அப்படிச் சொல்லக்கூடியவர்கள் மூன்று பேர் இருந்தால் அதிகம். மற்ற இரண்டு பேரும் என்னிடம் கேட்டுக்கொண்டு போனவர்கள். இதை நான் சொல்லாத ஆள் பாக்கியில்லை. யாரிடமும் சொல்லாதது ஒன்று இருக்கிறது.

சோழவந்தானிலிருந்து ஒரு பெட்ரோல் டாக்ஸி வரும். முதலாளி வெற்றிலைக் கொடிக்கால்காரர். ஓட்டுகிறவன், அந்தக் கொடிக்காலில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் முதன்முதலாக லைசென்ஸ் எடுத்தவன். வண்டி வேகம் பிடிக்கவில்லை என்று முதலாளி குறைப்பட்டார். கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவில் காற்றும் பெட்ரோலும் போகிற குழாய் நீளமாக, வளைந்து கிடந்தது. காற்று எதற்கு இவ்வளவு சுற்ற வேண்டும்? லேத்தில் கொடுத்துக் குட்டையாக, அகலமாக ஒன்று செய்து மாட்டினேன். திருமங்கலம் ரோட்டில் விரட்டிப் பார்த்தோம். பறந்தது. முதலாளி என் தோளைத் தட்டினார். எங்களுக்கெல்லாம் சோதனை என்றால் அந்தத் தட்டை ரோடுதான். மேடு தேடிப் போகிற வழக்கமே இல்லை.

அடுத்த வாரம் முதலாளி வீட்டுச் சம்பந்தக்காரர்களை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்குப் போன வண்டி, மலைப்பாதையில் நின்றுவிட்டது. சம்பந்தியம்மா பட்டுச்சேலையோடு நடந்து ஏறியிருக்கிறார். முதலாளி வண்டியையும் டிரைவரையும் என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்.

“அண்ணே, முன்னெல்லாம் மெதுவாப் போனாலும் இழுக்கும்ணே,” என்றான் அவன். “இப்ப விரட்டுனாத்தேன் இழுக்குது. வளைவுல எப்படிண்ணே விரட்டுறது? அந்தக் குழாய மாத்துனதுல இருந்துதேன் இப்படி.”

பட்டறையில் ஆறேழு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். குழாய் என் கைவேலை என்பது எல்லாருக்கும் தெரியும்.

“எனக்கே பாடம் எடுக்கிறியாடா? மம்பட்டி பிடிச்ச வம்சத்துக்கு கிளட்ச் மிதிக்க எங்கிட்டு வரும்?” என்றேன்.

எல்லாரும் சிரித்தார்கள். முதலாளி கையை நீட்டினார். அவன் சாவியைக் கொடுத்துவிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தான்.

எட்டு, ஒன்பது வருஷம் கழித்து, துபாயிலிருந்து திரும்பியவர் ஒருவர் ஜப்பான் கார் ஒன்றைக் கொண்டுவந்தார். அதைத் தொட எங்கள் ஏரியாவில் என்னைத் தவிர யாருக்கும் தைரியமில்லை. மூடியைத் திறந்தால், காற்று போவதற்கு ஜப்பான்காரன் இரண்டு வழி வைத்திருந்தான். ஒன்று நீளமாக, ஒடுக்கமாக. மற்றது குட்டையாக, அகலமாக. குட்டை வழிக்கு மட்டும் ஒரு சின்னக் கதவு. இன்ஜின் மெதுவாக ஓடும்போது கதவு மூடியிருந்தது. ஆக்ஸிலேட்டர் கேபிளை இழுத்து உறும விட்டதும் திறந்துகொண்டது. கதவைக் கம்பியால் கட்டித் திறந்தே வைத்து, நாலு பேரை ஏற்றிக்கொண்டு ரயில்வே மேம்பாலத்தில் மெதுவாக ஏறினேன். திணறியது. கம்பியை அவிழ்த்துவிட்டு ஏறினேன். இழுத்தது. மெதுவாகப் போகிற வண்டிக்கு நீளக் குழாயில் ஓடிவருகிற காற்றுதான் பலம். குட்டைக் குழாய் வேகத்துக்கு மட்டும்தான். ஜப்பான்காரன் கதவு வைத்துச் செய்ததை, அந்தச் சோழவந்தான் டிரைவர் கால் பாதத்தில் உணர்ந்து அன்றைக்கே சொல்லியிருக்கிறான்.

மறுநாள் காலை சோழவந்தானுக்குப் போனேன். கொடிக்காலில் மம்பட்டியோடு நின்றான்.

“வாங்கண்ணே,” என்றான். அதே மரியாதை. விஷயத்தைச் சொன்னேன்.

“எனக்குத் தெரியும்ணே. நீங்க சொன்ன சொல்லுக்குப் பெறகு இந்தப் பக்கம் எவனும் எனக்கு ஸ்டியரிங் தரல. முதலாளி அந்தா மோட்டார் ரூம்லதேன் இருக்காரு. அவருகிட்ட இத ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க. அம்புட்டுத்தேன்.”

மோட்டார் ரூம் இருபதடி தூரம்தான் இருக்கும். அந்தச் சுற்றுவட்டாரத்து வண்டிகளெல்லாம் அவர் வாய்ச்சொல்லில்தான் என் பட்டறைக்கு வந்துகொண்டிருந்தன.

“பஸ்ஸுக்கு நேரமாச்சுப்பா. இன்னொரு நாள் வாரேன்,” என்றேன்.

“பஸ் இப்பத்தேன்ணே போச்சு. அடுத்தது வர ஒரு மணி நேரமாகும்.”

அவன் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. எனக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றுதான் சொன்னான். நான் ரோட்டுக்கு வந்து வெயிலில் நின்றேன். அங்கிருந்து பார்த்தால் மோட்டார் ரூம் தெரியும். பஸ் வரும்வரை அதன் கதவு திறந்தேதான் இருந்தது.