மாநாட்டில் நான் உட்கார்ந்த இடங்கள்

மெல்லிசைக் குழு நடத்துகிறவனுக்கு மேடையில் பயம் கிடையாது. பயமெல்லாம் அடுத்த மேடை கிடைக்குமா என்பதில்தான். குழு நடத்தி நொந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளில் வருஷாவருஷம் கார்த்திகை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேனியில் ஒரு கல்யாண மண்டபத்தில் எங்கள் குழுக்காரர்கள் மாநாடு கூடும். சித்திரைத் திருவிழாவுக்குக் கச்சேரி பேச ஊர்க் கமிட்டிக்காரர்களும் வருவார்கள். நான் சொல்லும் அந்த வருஷம் எனக்கு ஒரு திருவிழாவாவது கிடைத்தே ஆக வேண்டும். எங்கள் பாடகி ஸ்டெல்லாவின் அப்பா பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்தார். மகளுக்கு மதுரையில் டைப்பிஸ்ட் வேலை பார்த்துவிட்டார். நான் வெறுங்கையோடு திரும்பினால் மறுநாள் காலை அவள் மதுரை பஸ் ஏறிவிடுவாள். பாடகி இல்லாத குழுவை எந்த ஊர் கூப்பிடும்?

முன் வரிசை

முன் வரிசையில் உட்கார்ந்தால் நாலு பேர் கண்ணில் படலாம் என்று யாரோ சொல்லிவைத்தார்கள். ஸ்டெல்லாவையும் போங்கோ வாசிக்கும் காசியையும் இரு பக்கமும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வெளியே நசநசவென்று மழை. ஈரக் காற்றில் போங்கோத் தோல் தொய்ந்துவிடும். தணலில் காட்டினால்தான் விறைக்கும். அடுப்படிக்குப் போகக் காசி மூன்று முறை எழுந்தான். மூன்று முறையும் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன். திரும்பிப் பார்த்தால் முன் வரிசை முழுக்க என்னைப் போன்ற குழுக்காரர்கள்; கமிட்டிக்காரர் ஒருவர்கூட இல்லை. மேடையில் மாநாட்டுத் தலைவர் பேசிக்கொண்டே இருந்தார். காசி காதோரம் சொன்னான்: "தலைவரு பேச்சுல தோலு காயாதுண்ணே."

பந்தி

ஓடைப்பட்டிக் கமிட்டித் தலைவர் வந்திருக்கிறார், தோளில் பச்சைத் துண்டு என்று வாசலில் சொன்னார்கள். திராட்சைத் தோட்டக்காரர்கள் ஊர். இரண்டு நாள் கச்சேரி வைப்பார்கள். பந்தியில் பக்கத்து இலைக்காரர் மோர் வரும்வரை எழுந்து போக முடியாது. பச்சைத் துண்டைக் கண்டதும் ஒருவரை இடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து இலையைப் பிடித்தேன்.

சாம்பாரில் தொடங்கி மோர்வரை ஸ்டெல்லாவின் குரலைப் பற்றியே பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். இலையை மடித்த பிறகுதான், தான் ஓடைப்பட்டிக்காரர் இல்லை, என்னைப் போலவே கம்பம் ஊரில் ஒரு குழு நடத்துவதாகச் சொன்னார். கையோடு கேட்டும் விட்டார்: "பாடுறதுக்குப் பிள்ளை கிடைக்காமத்தான் அலையுறோம். நம்ம குழுவுக்கு அனுப்பி வைங்களேன்."

மேடை

பிற்பகலில் ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிஷம். நிஜமான ஓடைப்பட்டித் தலைவர் எங்கே இருக்கிறார் என்று இந்தத் தடவை இரண்டு பேரிடம் விசாரித்து வைத்துக்கொண்டேன். ஸ்டெல்லா ஆரம்பித்தாள். காசி தட்டினான், நனைந்த சாக்கைத் தட்டியது போல் இருந்தது சத்தம். அதை மறைக்க, பதற்றத்தில் என் அக்கார்டியனை மைக் பக்கம் நகர்த்தி இழுத்து வாசித்தேன். இரண்டாவது சரணத்தில் தலைவர் எழுந்து வெளியே போனார். தப்பு முழுக்க என்னுடையது. கீழே இறங்கியதும் ஸ்டெல்லா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவுக எந்திரிச்சுப் போய்ட்டாக. நான் பாடுனது எனக்கே கேக்கலண்ணே. அப்பாட்ட என்னன்னு சொல்றது?"

அடுப்படி

காசி கோபத்தில் போங்கோவைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டான். ஸ்டெல்லாவும் பின்னாலேயே போனாள். நான் வாசலில் நின்று, அவள் அப்பாவிடம் சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஒன்றும் சரியாக வரவில்லை.

அப்போது உள்ளேயிருந்து கணீரென்று போங்கோ. கூடவே ஸ்டெல்லா, அதே பாட்டு. ஓடினேன். தணலோரம் காசி, கரண்டியோடு சமையல்காரர், அவர் பக்கத்தில் காப்பித் தம்ளரோடு ஓடைப்பட்டித் தலைவர். திருவிழா அன்னதானத்துக்குச் சமையல்காரரைப் பேச வந்தவர் பாட்டைக் கேட்டு அங்கேயே நின்றுவிட்டார்.

பாட்டு முடிந்ததும் வெற்றிலை பாக்கை எடுத்து ஸ்டெல்லா கையில் கொடுத்தார். எங்கள் தொழிலில் அதுதான் கச்சேரி உறுதி. பிறகு அவர் என் பக்கம் திரும்பினார்: "ரெண்டு நாளும் உங்க குழுதான். இந்தப் பிள்ளை குரலும் இந்த போங்கோவும் போதும். நீங்க மைக்க விட்டுக் கொஞ்சம் தள்ளியே உக்காந்துக்கங்க தம்பி."

அதற்குப் பிறகு எத்தனையோ மாநாடு போய்விட்டேன். உள்ளே நுழைந்ததும் சமையல் எந்தப் பக்கம் என்றுதான் முதலில் விசாரிக்கிறேன், அக்கார்டியனைப் பெட்டிக்குள்ளேயே வைத்துவிட்டு.