எனக்கு முன்னால் பேசிய சகோதரி

பட்டிமன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. பேச வருகிறவர் முதலில் நடுவரை வணங்க வேண்டும். அடுத்து, தனக்கு முன்னால் பேசியவரைச் சகோதரர் என்றோ சகோதரி என்றோ குறிப்பிட வேண்டும். அதற்குப் பிறகுதான் அவரைக் கிழிக்கலாம். எண்பதுகளின் கடைசியில், கெலுகோர் பல்கலைக்கழகத்தில் நான் மூன்றாம் ஆண்டு படித்தபோது, இந்த ஒரு வழக்கத்தால் இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. பயம் கால் பங்கு, மீதி எல்லாம் துள்ளல்.

என் தோழி மேடையேறப் போகிறாள். பல்கலைக்கழகப் பதிவேடு அவளை ஆண் என்றது. வீட்டில் வைத்ததும் ஆண் பெயர், தங்கியிருந்ததும் பையன்கள் விடுதி. தனக்கென்று ஒரு பெண் பெயரைத் தேர்ந்தெடுத்து அவள் முதலில் சொன்னது என்னிடம்தான். கேன்டீனில், மீ கோரெங் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தபோது.

“நல்லா இருக்கா?” என்று கேட்டுவிட்டு, நான் சிரிக்கிறேனா என்று முகத்தையே பார்த்தாள்.

“சூப்பர்லா!” என்று நான் கத்தியதில் பக்கத்து மேசை திரும்பிப் பார்த்தது. அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன். அது அவளுடையது.

அன்றிலிருந்து தோழிகள் நாங்கள் நாலு பேரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டோம். சுலபமாக இல்லை. இரண்டு வருடப் பழக்கத்தில் எனக்கு ‘வாடா’ என்றே வாயில் வரும். உடனே தலையில் குட்டிக்கொண்டு ‘வாடி’ என்பேன். “நீ குட்டிக்க வேணாம், நான் குட்டுறேன்” என்று அவளே குட்டுவாள். நிஜமாகவே வலிக்கும்.

அப்போதுதான் தமிழ்ச் சங்கத்தின் பட்டிமன்றம் வந்தது. நிம்மதி தருவது பிறை ஊர்த் தொழிற்சாலை வேலையா, சொந்தக் கடையா என்பது தலைப்பு. அவள் அளவுக்குப் பேச எங்களிடம் ஆள் இல்லை.

“பேசுறேன். ஆனா என் பேர்லதான் பேசுவேன்” என்றாள்.

“சேலை கட்டிக்கிறியா?”

“உடுப்பெல்லாம் அப்புறம்லா. மொதல்ல பேரு.”

சங்கச் செயலாளர் நான். அன்றைய அறிவிப்பாளரும் நான்தான். நிகழ்ச்சி நிரலை டைப் அடிக்க உட்கார்ந்தால் சங்கத் தலைவர் வந்து நின்றார். எங்களுக்கு ஒரு வருடம் மூத்த மாணவர். “யூனிவர்சிட்டி மெட்ரிக் கார்டுல இருக்கிற பேரைத்தான் போடணும் தங்கச்சி.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. “அண்ணே, நீங்க கவிதைக்குப் போடுற பேரு எந்தக் கார்டுல இருக்கு?”

மனிதருக்கு மூன்று புனைபெயர்கள். அதில் ஒன்று பெண் பெயர்! காதைச் சொறிந்துகொண்டு, “சரி சரி, அடி” என்று போய்விட்டார்.

காகிதத்தில் பெயர் வந்துவிட்டது. ஆனால் எதிரணியில் அவளுக்கு அடுத்துப் பேச இருந்தவன், விடுதியில் பக்கத்து அறைக்காரன். அவளை ‘டேய்’ என்று கூப்பிட்டே பழகியவன், வாயும் நீளம். அவன் ‘சகோதரர்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், மண்டபமே சிரிக்கும். அதற்குப் பிறகு அவள் அந்தப் பெயரை வெளியே எடுக்கவே மாட்டாள். அவனிடம் முன்கூட்டியே பேசட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். கெஞ்சி வாங்குற மரியாதை எனக்கு வேணாம்.”

திமிர் பிடித்தவள்!

மைக்கில் அவள் பெயரை நான் சொன்னேன். கடைசி வரிசையில் எவனோ விசிலடித்தான். அவள் எழுந்தாள், தினமும் போடும் அதே வெள்ளைச் சட்டையில். ஐயோ, என்ன பேச்சு! பிறைக்கு மோட்டார் சைக்கிளில் போகும் அப்பா வேலை முடிந்து வந்ததும் குறட்டை விடுகிறார், கடை வைத்திருக்கும் சித்தப்பாவோ நிம்மதியாகத் தூங்கியே வருஷக்கணக்காகிறது என்று அவள் அடுக்க, விசிலடித்தவனே கை தட்டினான்.

அடுத்து அவன் வந்தான். நடுவரை வணங்கினான். மேசையிலிருந்த நிகழ்ச்சி நிரலை எடுத்துப் பார்த்தான். அவளையும் ஒரு முறை பார்த்தான்.

“எனக்கு முன்னால் பேசிய சகோதரி,” என்றான், “வாயைத் திறந்தால் பொய்யைத் தவிர எதுவும் பேசுவதில்லை என்று சபதம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார்!”

மண்டபம் அதிர்ந்தது. அவன் விடுவதாக இல்லை. சகோதரியின் அப்பா குறட்டை விடுவது நிம்மதியில் இல்லையாம், களைப்பிலாம். சகோதரி ஒரு நாள் பிறைக்குப் போய் நைட் ஷிப்ட் நின்று பார்க்கட்டுமாம். பிய்த்து எறிந்தான். நான் திரைச்சீலை ஓரமாக நின்று சிரித்துக்கொண்டே அழுதேன். அவளோ தலை குனிந்து காகிதத்தில் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள். பதிலடிக்குத் தயாராகிறாள் என்று நினைத்தேன்.

தீர்ப்பு எதிரணிக்குப் போனது. அவள் படிகளில் இரண்டிரண்டாகத் தாவி இறங்கி வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“தோத்துட்டோம்டி!”

கையில் அந்தக் காகிதம். அதில் எழுத்து ஒன்றுகூட இல்லை, வரிசையாகக் கோடுகள் மட்டும்தான்.

“பதினோரு தடவைடி! பதினோரு தடவை சொன்னான்!”