ஒரு சிலிண்டரும் டாக்டர் ஏகாம்பரமும்

காலையில் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். கம்பவுண்டர் சைக்கிளை வாசலில் சாய்த்துவிட்டு, "சிஸ்டர், நம்ம டாக்டர் போயிட்டாருங்க" என்றார். ஓய்வு பெற்று ஆரணியில் மகள் வீட்டில் இருந்தவர்; மாரடைப்பு. எந்த டாக்டர் என்று நான் கேட்கவில்லை. நான் நர்ஸாக இருந்த ஆஸ்பத்திரிக்கு எத்தனையோ பேர் வந்து போனார்கள்; நம்ம டாக்டர் என்றால் குழந்தை வார்டு ஏகாம்பரம்தான்.

ஆஸ்பத்திரி மலருக்கு அவரைப் புகழ்ந்து எழுதச் சொல்கிறார்கள். இதைப் படிக்கிற உங்களில் பாதிப் பேர் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள், புகழ்ந்தால் சிரிப்பீர்கள். நல்ல வார்த்தை பேசத் தெரியாத மனிதர். குறைமாதக் குழந்தை மூச்சுக்குத் திணறும்போது, "பொழச்சுக்குமா சார்?" என்று தகப்பன்கள் காலில் விழுவார்கள். "கஷ்டம்" என்பார். அவ்வளவுதான். "ஆறுதலா ரெண்டு வார்த்தை சொன்னா என்ன சார்?" என்று ஒருநாள் சண்டைக்கே போனேன். "சாயந்திரம் அதே ஆள்கிட்ட நான்தானே போய்ச் சொல்லணும்?" என்றார்.

எழுபதுகளின் கடைசி அது. மூச்சு கொடுக்கும் மெஷினை நாங்கள் படத்தில்கூடப் பார்த்ததில்லை. பஞ்சில் சுற்றி, பல்பு சூட்டில் கிடத்தி, ஆக்ஸிஜன் குழாயை முகத்தருகே வைப்போம். நெஞ்சுக்குழி உள்ளே போய்ப் போய் வரும். முனகும். பிறகு முனகவும் தெம்பு இருக்காது. பெரும்பாலும் அப்படித்தான் முடியும்.

என் மகளும் அந்த ஆஸ்பத்திரியில்தான் பிறந்தாள், ஏழாம் மாதத்தில், கார்த்திகை தீபத்துக்கு முந்தின நாள். ரோடெல்லாம் ஜனம். வேலூரிலிருந்து சிலிண்டர் ஏற்றி வந்த வண்டி ஊருக்குள் நுழைய முடியாமல் நின்றுவிட்டது. வார்டில் இருந்தது ஒன்று. அது அடி அண்ணாமலையிலிருந்து வந்த ஒரு பெண்ணின் ஆண் குழந்தைக்குப் போய்க்கொண்டிருந்தது.

"என் குழந்தைக்கு மாத்திக் கொடுங்க சார்" என்று கேட்டேன். கூட வேலை பார்க்கிறவள், மாற்றுவார் என்றே நம்பினேன்.

"மாத்த மாட்டேன் சிஸ்டர். அந்தக் கொழந்த உடம்பு பெருசு, பொழைக்க வழி இருக்கு. ரெண்டுக்கும் பிரிச்சா ரெண்டும் போயிடும். உங்களுக்கே தெரியும்."

தெரியும். அதுதான் வயிற்றெரிச்சல். பாவி மனுஷன், ரப்பர் பையைக் கையால் அமுக்கி அமுக்கி மத்தியானம் வரை அவளுக்கு மூச்சு கொடுத்தார். கை மாற்றிக்கொள்ளக்கூட யாரையும் விடவில்லை.

இனி முடியாது என்று ஆனதும் அவளைத் தூக்கிக்கொண்டு என் கட்டிலுக்கு வந்தார். தங்காத குழந்தையின் முகத்தைத் தாய்க்குக் காட்டுவதில்லை எங்கள் வீட்டில். கணவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மாமியார் முந்தானையால் கண்ணைப் பொத்திக்கொண்டே மறித்தார்.

"வேணாங்க டாக்டரே. பாத்துட்டா மனசுல ஒட்டிக்கும்."

"ஒட்டிக்கட்டும். அவங்க பெத்த கொழந்த" என்று அவரை ஒதுக்கிவிட்டு என் நெஞ்சில் வைத்தார். அவள் மூச்சு நிற்கும்வரை அங்கேயே நின்றார்.

அந்த ஆண் குழந்தையும் மறுநாள் போய்விட்டது. மலையில் தீபம் ஏற்றி ஊரே அரோகரா போடுகிறது; டாக்டர் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தார். யாருக்கும் உதவாமல் போன அந்த முடிவுக்காக அவரை மன்னித்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை. லீவு முடிந்து அவரோடுதான் வேலை பார்த்தேன். பேச்சு மட்டும் கம்மி.

சில வருஷம் கழித்து, டீ குடிக்கும்போது திடீரென்று, "உங்க பொண்ணுக்கு முடி ஜாஸ்தி சிஸ்டர். நெத்தி வரைக்கும் இருந்துச்சு" என்றார். என் வீட்டில் அவளைப் பற்றி யாரும் வாயே திறந்ததில்லை. "ஆமா சார்" என்றேன். அப்புறம் எப்போதாவது அவளைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிக்கொள்வோம்.

அவர் எனக்குக் கொடுத்துவிட்டுப் போனது அந்த முகம்தான். அதை உயிரோடு பார்த்து, ஞாபகமும் வைத்திருந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர். இனிமேல் நான் ஒருத்திதான்.