சொட்டாத வால்வும் அத்தையின் பால்குடமும்

நாளை, யாங்கூனுக்கு அப்பால் தன்லியின் ஊருக்குப் பக்கத்து அம்மன் கோயிலில் என் அத்தை பால்குடம் எடுக்கிறார். சர்க்கரை வியாதிக்காரர். அரை மணிக்கு ஒரு முறை எங்காவது இறங்கியாக வேண்டும்.

"கக்கூஸ் உள்ள வண்டின்னா வர்றேன். இல்லேன்னா வேண்டுதல் அடுத்த வருஷம்" என்று சொல்லிவிட்டார்.

அப்படி ஒரு வண்டி நண்பன் செல்வத்திடம் இருக்கிறது. ஜப்பானில் ஓய்வு பெற்று யாங்கூனுக்கு வேலைக்கு வந்த வேன். படுக்கை, அடுப்பு, கக்கூஸ் எல்லாம் உண்டு. கழிவுத் தொட்டியின் இரண்டு வால்வுகள் மட்டும் மூட மறுத்தன.

இன்று காலை தின்கன்ஜூன் பேட்டை மெக்கானிக் கோ வின் என்பவர் அவற்றைக் கழற்றிவிட்டு, வீட்டுக் குழாய்க்குப் போடும் வால்வுகளை மாட்டினார்.

"சொட்டாதே?" என்றேன்.

"சந்தேகம்னா நீங்க அடியில படுங்க, சயா. நான் மேலேயிருந்து தண்ணி ஊத்துறேன்."

மரியாதையாக ‘சயா’ என்று அழைத்துவிட்டாரே, படுத்தேன். பத்து வாளி ஊற்றினார். ஒரு சொட்டு விழவில்லை. செல்வத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

மாலையில் அத்தை குடத்தோடு வந்து வண்டியைச் சோதித்தார். கக்கூஸ் கதவைத் திறந்து பார்த்தார். பரம திருப்தி. பிறகு கையிலிருந்த குடத்தைப் பார்த்தார்.

"ஏண்டா, அம்மனுக்குப் போற பாலை வச்சிக்கிட்டு, அதே வண்டியில எவனாவது இதுல உக்காருவானா?"

கதவுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. சாவி அத்தையிடம். நிபந்தனை நிறைவேறிவிட்டதால் அவர் நிச்சயம் வருகிறார்.

தன்லியின் போகும் வழியில் கக்கூஸ் உள்ள தேநீர்க் கடைகள் தெரிந்தவர்கள் இன்றே எழுதவும். வாசலில் இடம் நிறைய வேண்டும். வண்டி கொஞ்சம் பெரியது, உள்ளே கக்கூஸ் இருப்பதால்.