முப்பத்தாறாவது படம்

கூடைப்பந்து ஆடுகிறவர்களைப் படம் எடுப்பது என் தொழில். இதைச் சொன்னால் பலருக்குச் சிரிப்பு வருகிறது. கல்யாணம், காதுகுத்து எடுக்கிறவர்கள் காரைக்காலில் தெருவுக்கு இரண்டு பேர் இருக்கிறார்கள். பந்தாட்டத்தை மட்டும் எடுக்கிற பொம்பளை, எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான். உள்ளூர், புதுச்சேரி, தஞ்சாவூர் என்று எங்கே டோர்னமென்ட் நடந்தாலும் கூப்பிடுகிறார்கள். போர்டுக்குக் கீழே, கோட்டுக்கு வெளியே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்வேன். ஆட்டம் தொடங்குவதற்கு முன் மூன்று தடவை எழுந்து பார்ப்பேன். பை தள்ளி இருக்கிறதா, அதன் வார் கோட்டுப்பக்கம் நீண்டு கிடக்கிறதா, தரையில் மண் இருக்கிறதா. மண் இருந்தால் துடைப்பம் கேட்டு வாங்கி நானே கூட்டுவேன். நடுவர் கடிகாரத்தைப் பார்ப்பார். பார்க்கட்டும்.

ஒவ்வொரு பிள்ளையும் எம்பும்போது என் கண் அதன் காலுக்குப் போகும். கால் தரையில் பட்டு அது இரண்டடி ஓடின பிறகுதான் மூச்சு வரும். ஒரு ஆட்டத்தில் இப்படி எத்தனை தடவை என்று யோசித்தால், இது மனுஷி பார்க்கிற வேலையா என்று தோன்றும். ஆனால் வேறு வேலை தெரியாது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவள்.

ஆட்டம் முடிந்ததும் பிள்ளைகள் வந்து சூழ்ந்துகொள்வார்கள். "அக்கா, நான் கடைசியா போட்டேனே, அது படத்துல விழுந்துச்சா? விழலியா? பரவால்லக்கா, அதே மாதிரி இன்னொருவாட்டி போடுறேன், எடுங்க. இன்ஸ்டாவுல போடணும்." முடியாது என்று சொல்லி கேமராவைப் பைக்குள் வைத்துவிடுவேன். கெஞ்சுவார்கள். அப்புறம் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள். போன மாதம் ஒருத்தி என் காதில் விழுகிற மாதிரியே, "படம் எடுக்கவே பயப்படுறாங்கடி. இவங்க எதுக்கு இந்த வேலைக்கு வந்தாங்க" என்றாள். நியாயமான கேள்வி. பஸ்ஸில் வரும்போது வழியெல்லாம் பதில் தேடினேன். பழைய ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் திரும்பத் திரும்ப வந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. அப்பா ஸ்டுடியோ வைத்திருந்தார். முன்பக்கம் ஸ்டுடியோ, பின்பக்கம் நாங்கள். ஃபிலிம் ரோல் காலம் அது. ஒரு ரோலுக்கு முப்பத்தாறு படம். முப்பத்தாறும் முடியாமல் ரோலைக் கழற்ற அப்பாவுக்கு மனசு வராது. வெளியே போய்ப் படம் எடுத்துவிட்டு வரும்போது ஒன்றோ இரண்டோ மிச்சமிருந்தால் அது என் பங்கு. கேமராவை ஸ்டாண்டில் பொருத்தி, எல்லாம் சரிசெய்து வைத்து, "ம், அழுத்து" என்பார். பக்கத்து வீட்டு ஆடு, மீன் ஆய்கிற அம்மா, கொடியில் காய்கிற போர்வை என்று எது கிடைத்தாலும் எடுப்பேன். ஒரு தடவை யார் வீட்டுக் கல்யாண ஆல்பத்திலோ தாலி கட்டுகிற படத்துக்கு அடுத்த பக்கத்தில் அந்த ஆடு போய்விட்டது. மாப்பிள்ளை வீட்டார் சண்டைக்கு வந்தார்கள். அப்பா அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, உள்ளே வந்து, ஆடு படத்தில் நன்றாக விழுந்திருக்கிறது என்று என்னிடம் சொன்னார்.

அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள். நல்ல உயரம். இவளுக்கு மாப்பிள்ளையைத் தென்னந்தோப்பில்தான் தேட வேண்டும் என்பாள் அம்மா. படிப்பு எங்கள் வீட்டில் யாருக்கும் ஒட்டவில்லை. அக்காவுக்குக் கணக்கு இரண்டு தடவை போனது. ஆனால் பந்து அவள் கைக்கு வந்தால் ரிங்குக்குப் போகாமல் இருக்காது. அம்பகரத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகிற பி.டி. டீச்சர்தான் அவளை ஆட்டத்தில் மூன்று வருஷம் வளர்த்தவர். அடுத்த சனிக்கிழமை புதுச்சேரியில் அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே இவளைப் பார்த்துவிட்டால் விடமாட்டார்கள், அணியில் சேர்ந்துவிட்டால் காலேஜும் ஹாஸ்டலும் தானாக வரும், பிறகு ரயில்வேயோ போலீஸோ என்று அப்பாவை உட்கார வைத்துச் சொல்லியிருந்தார். மார்க்கை வைத்துப் போக முடியாத பெண்ணுக்கு அது ஒன்றுதான் வழி என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அம்மா தினம் மாதா கோயிலுக்குப் போய் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை உள்ளூரில் ஒரு டோர்னமென்ட்டின் கடைசி ஆட்டம். நாகப்பட்டினம் பெண்களும் எங்கள் ஊர்ப் பெண்களும். படம் எடுக்க அப்பாவைக் கூப்பிட்டிருந்தார்கள். மூச்சுவிடாதீங்க, ஆடாதீங்க என்று சொல்லியே பழகினவர், மூச்சுவாங்க ஓடுகிறவர்களை எடுக்கப் போனார். பேப்பருக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் கறுப்பு வெள்ளை ரோல். அன்று ராத்திரியே வீட்டில் கழுவிப் படமாக்கிவிடலாம்.

கடைசி நிமிடத்தில் எங்கள் பக்கம் ஒரு பாயின்ட் குறைவு. அக்கா பந்தைத் தட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு பேரைத் தாண்டி, ஒற்றைக் காலில் எம்பி, பந்தை மேலே வைத்தாள். அது ரிங்கின் விளிம்பில் ஒரு சுற்று சுற்றி உள்ளே விழுந்தது. எல்லோரும் கத்தினார்கள். நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கேமராவிலிருந்து முகத்தை எடுத்துவிட்டு வெறும் கண்ணால் அக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. விரல் பொத்தான்மேல்தான் இருந்தது, அழுத்தவில்லை.

கோப்பை கொடுத்தார்கள், அப்பா வரிசையாக நிற்க வைத்துப் படம் எடுத்தார். கமிட்டிக்காரர் ஒருவர் வந்து, "அந்தக் கடைசிப் பந்துதாங்க முக்கியம். பேப்பர்காரரு அதத்தான் கேட்டாரு" என்றார். இருக்கிறது என்று அப்பா சொல்லிவிட்டார். டீச்சர் கடைசி பஸ் போய்விடும் என்று கிளம்பினார். கூட்டம் கலைந்தது. சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு சிமென்ட் தரையில் குறுக்கும் நெடுக்கும் ஓடின. கடல் காற்றில் மண் வேறு வந்து விழுந்துகொண்டிருந்தது.

அப்பா அக்காவைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்மா, ஒருவாட்டி அதே மாதிரி போடுறியா? வெளிச்சம் போறதுக்குள்ள."

"அப்ப எடுக்கலியாப்பா நீங்க?"

"கை வரலம்மா."

"ஊர்ல உள்ளவங்களயெல்லாம் எடுப்பீங்க, சொந்த மக போட்டத விட்டுட்டீங்க" என்று சிரித்தாள். பந்தை வாங்கிக்கொண்டு ஓடி வந்து, அதே மாதிரி எம்பிப் போட்டாள். அப்பா அழுத்தினார். போதும், வீட்டுக்குப் போகலாம் என்றார்.

நான் கேமராவின் எண்ணைப் பார்த்தேன். முப்பத்தைந்து. "ஒண்ணு பாக்கி இருக்கு" என்றேன்.

நாளைக்கு வேறு ரோலில் எடுத்துக்கொள் என்றார் அப்பா. நாளைக்கு வேறு ரோலில் மிச்சம் இருக்குமா என்று யாருக்குத் தெரியும். கல்யாண ரோல்களில் ஒன்றுகூட மிஞ்சாத நாட்கள் எவ்வளவோ இருந்தன. எனக்கு அப்போதே இப்படித்தான், நடக்காததை எல்லாம் முன்கூட்டியே நினைத்து அழுவேன். தரையில் உட்கார்ந்து அழுதேன். எனக்கு ஆடு வேண்டாம், அக்கா குதிக்கிறதுதான் வேண்டும் என்றேன்.

"விடுங்கப்பா, அவ பங்கு அவளுக்கு. ஒரு குதிதானே" என்றாள் அக்கா. அப்பா ஸ்டாண்டைப் பக்கவாட்டில் வைத்து, கேமராவை என் உயரத்துக்கு இறக்கினார். அக்கா தலைமுடியை இழுத்து முடிந்துகொண்டே என்னிடம் சொன்னாள். "மொவம் தெரியுற மாதிரி எடுடி. ஆட்ட எடுத்த மாதிரி வால எடுத்து வச்சிராத."

ஓடி வந்தாள். நான் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தேன். எம்பினாள். அவள் முகம் மேலே ரிங்கைப் பார்த்திருந்தது, எனக்குத் தாடை மட்டும்தான் தெரிந்தது. கேமராவைப் பார்க்காத முகம் வீணான படம் என்பது ஸ்டுடியோவில் பிறந்த பிள்ளைக்குத் தெரியாதா. "அக்கா, இங்க பாரு" என்று கத்தினேன். அவள் காற்றில் இருந்தபடியே திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அழுத்தினேன்.

முருங்கைக்காய் ஒடிகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. நான் கேமராவிலிருந்து தலையைத் தூக்கியபோது அவள் தரையில் உட்கார்ந்து இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. அழவில்லை. முதலில் என்னைத்தான் கேட்டாள்.

"எடுத்தியா?"

"எடுத்துட்டேன்" என்று குதித்தேன்.

அப்பா அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். மறுநாள் காலையில் முழங்கால் தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. முதலில் உள்ளூர் ஆஸ்பத்திரி, பிறகு தஞ்சாவூர். உள்ளே ஒரு ஜவ்வு அறுந்துவிட்டது, நடப்பாள், ஓடிக் குதிக்கிற வேலை இனி வேண்டாம் என்றார் டாக்டர். சனிக்கிழமை காலையில் புதுச்சேரிக்குப் போகிற வேன் எங்கள் வாசலில் நின்றது. பெண்கள் இறங்கி வந்து அக்காவின் கட்டிலைச் சுற்றி நின்றார்கள். நான் வரவில்லை, இப்போதாவது உங்களை எடுப்பார்கள் என்று அவள் கேலி பேசி அனுப்பினாள். வேன் போனதும் போர்வையைத் தலைவரைக்கும் இழுத்துக்கொண்டாள். வெயில் காலத்தில் எதற்குப் போர்வை என்று நான் கேட்டேன். அம்மா என்னை அடுப்படிக்கு இழுத்துப் போனாள்.

அக்கா இப்போது விழிதியூரில் இருக்கிறாள். வாழ்க்கைப்பட்ட இடம். படி இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்கிறாள். இத்தனை வருஷத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஒரு தடவை திட்டியிருந்தால்கூட எனக்கு ராத்திரித் தூக்கம் வந்திருக்கும். நான் எடுக்கிற ஆட்டம் எதையும் பார்க்க அவள் வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை. அப்பாவும் அதற்குப் பிறகு மைதானத்துப் பக்கம் போகவில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு அந்தக் கேமராவைத் தூக்கிக்கொண்டு மைதானத்துக்குப் போனபோது போகாதே என்று சொல்லவுமில்லை, போ என்று சொல்லவுமில்லை.

ஆனால் ஒன்பது வயதில் எனக்கு இருந்த கவலை வேறு. என் படம் என்ன ஆயிற்று என்பதுதான் அது. பேப்பரில் படமில்லாமலே செய்தி வந்துவிட்டது. ரோல் கேமராவுக்குள்ளேயே கிடந்தது. பத்து நாள் தினமும் கேட்டேன். கடைசியில் என் தொல்லை தாங்காமல் அப்பா கழுவினார். அவர் எடுத்ததில் ஒரு கையும் பாதித் தலையும்தான் விழுந்திருந்தன. என்னுடையது அப்படியே விழுந்திருந்தது. அக்கா காற்றில் நிற்கிறாள். விரல்நுனிக்கு மேலே பந்து. அதற்கும் மேலே ரிங். முகம் நேராக என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. நல்லா இருக்காப்பா என்று கேட்டேன். இருட்டறையின் சிவப்பு விளக்கில் அப்பா அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். காய்ந்ததும் கொண்டுபோய் மேஜை டிராயருக்குள் வைத்துவிட்டார்.

இரண்டு நாள் கழித்து, புதுச்சேரி அலைச்சல் எல்லாம் முடிந்து, டீச்சர் வீட்டுக்கு வந்தார். அக்காவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "நான் பஸ் ஏறுறப்ப நல்லாத்தானேங்க நின்னா. ஆட்டத்துல ஒண்ணும் ஆவலியே. எப்படி ஆச்சு?" என்று அப்பாவைக் கேட்டார். அப்பா மண்ணு, வழுக்கல் என்று ஏதோ இழுத்தார். எனக்கு நல்ல சந்தர்ப்பம் கிடைத்தது. ஓடிப்போய் டிராயரைத் திறந்து படத்தை எடுத்து வந்து டீச்சர் கையில் கொடுத்தேன்.

டீச்சர் பார்த்தார். முகம் மாறியது. "இது எப்ப எடுத்தது? ரிங்கப் பாக்காம இங்க என்னா பாக்குறா? மூணு வருஷமா இவளுக்கு நான் சொன்னது ஒண்ணே ஒண்ணுதாங்க, கால் கீழ வர்றவரைக்கும் பார்வைய எடுக்காதன்னு. யாரு இவள கூப்பிட்டது?"

"நான்தான் டீச்சர்" என்றார் அப்பா. "படம் நான்தான் எடுத்தேன். நான்தான் இங்க பாருன்னு கூப்பிட்டேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவர் எடுத்தது பாதித் தலை. நன்றாக விழுந்த ஒரே படத்தை, விருந்தாளி முன்னால், தன்னுடையது என்கிறார்.

"ஒரு படத்துக்காகவாங்க? நீங்க தகப்பன்தானா?" என்றார் டீச்சர். நான் அக்காவைப் பார்த்தேன். அவளுக்கு உண்மை தெரியும், அவள் சொல்லுவாள்.

"ஆமா டீச்சர்" என்றாள் அக்கா. "அப்பாதான் கூப்பிட்டாங்க."

இரண்டு பேரும் சேர்ந்துகொண்டார்கள். டீச்சர் கையிலிருந்து படத்தைப் பிடுங்கினேன்.

"பொய். நான்தான் எடுத்தேன். முப்பத்தாறாவது படம் என்னோடது. நான்தான் அக்காவ இங்க பாருன்னு கூப்பிட்டேன். அப்பா எடுத்தது வீணாப்போச்சு."

அடுப்படி வாசலில் அம்மா டீ தம்ளரோடு நின்றுவிட்டாள். டீச்சர் என்னைப் பார்த்தார், பிறகு அப்பாவைப் பார்த்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். பொய் வெளிப்பட்டுவிட்டது, அந்த வெட்கம் என்று நினைத்தேன். அக்கா மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அவளுக்கும் அதே வெட்கம்தான் என்று நினைத்தேன். படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவர்களில் யாராவது ஒருவர் அது நன்றாக இருக்கிறது என்று சொல்லட்டும் என்று நான் காத்திருந்தேன்.